முதல் அரைமணி நேரம்

படகு இன்ஜின் உதிரிபாகக் கடையில் பில் போடும் ஆன்லினிடம், அவளுக்குப் பிடித்த படத்தின் பெயரைக் கேட்டால் தடுமாறுவாள். அது ஆறு பாகங்கள் கொண்ட வெளிநாட்டு விண்வெளிப் படம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பிய தொலைக்காட்சிக்காரர்கள், ஒவ்வொரு பாகத்துக்கும் இஷ்டத்துக்கு ஒரு பெயர் சூட்டியிருந்தார்கள். ஒன்று 'எரிகல் எமன்'. இன்னொன்று 'ஒன்பதாம் கப்பல்'. மற்றொன்று 'சிவப்புக் கோளில் சின்னையா'. சின்னையா யார் என்பது படம் முடியும்வரை தெரியவில்லை. எல்லாம் ஒரே கதைதான் என்பது, மூன்றாவது படத்திலும் அதே மெக்கானிக் வந்து திட்டு வாங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த மெக்கானிக்குக்காகத்தான் அவள் பார்த்தாள். டோபின் என்று பெயர். தமிழில் வடசென்னைக்காரன் மாதிரிப் பேசுவான். கப்பல் எந்நேரமும் பழுதாகிக்கொண்டே இருக்கும். தலைவி வேரா கத்துவாள். டோபின் ஸ்பேனரால் இன்ஜினை இரண்டு தட்டு தட்டுவான். விசைப்படகுக்காரர்கள் நாள் முழுக்க வந்து நின்று பம்பு போச்சு, இன்ஜெக்டர் போச்சு என்று புலம்பும் கடையில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது அயல்கிரகமாகவே தோன்றவில்லை. "இவனுக்கு ஃபில்டர மாத்தணும்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்று டிவியைப் பார்த்துச் சொல்வாள்.

ஒரே குறை, ஆறு படங்களில் ஒன்றின் தொடக்கத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. காலைப் பூசை முடிந்து, மீன் வாங்கி, ஆய்ந்து, குழம்பு கூட்டி, அது ஒரு கொதி வந்தபிறகு கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால் கப்பல் ஏற்கெனவே உடைந்திருக்கும். யார் உடைத்தார்கள், இவர்கள் எந்த ஊரிலிருந்து கிளம்பினார்கள், எதற்காகக் கிளம்பினார்கள் என்று கணவர் அகஸ்டினிடம் கேட்பாள். முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் அவர், "ஏதோ சண்டை" என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து தகவல் வராது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் பாதியில் ஒரு திங்கட்கிழமை, கடையின் விற்பனையாளர் நிலவன் செல்பேசியை அவள் மேசையில் வைத்து முன்னோட்டத்தைக் காட்டினான். நிலவனுக்கு முப்பது வயது, அந்தப் படவரிசைக்கு வெறிபிடித்த ரசிகன். எந்தக் கோளுக்கு எத்தனை நிலா என்பதுவரை சொல்வான். பழைய ஆறு படங்களையும் மறந்துவிட்டுப் புது ஆட்களை வைத்துப் புதிதாக எடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை வெளியாகிறது, நம் ஊர்த் திரையரங்கிலேயே தமிழில் ஒரு வாரம் ஓடும், அடுத்த வெள்ளி பெரிய நடிகர் படம் வந்துவிடும் என்றான். பழைய டோபின் இல்லை என்பதில் அவனுக்கு மிகுந்த வருத்தம்.

ஆன்லின் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கதைய எங்கேருந்து ஆரம்பிக்கிறாங்க?"

"மொதல்லேருந்துக்கா. கப்பலே இன்னும் வாங்கல. அங்கேருந்து."

அவள் அந்த முன்னோட்டத்தை மறுபடி போடச் சொன்னாள். வாட்டர் பம்புக்காக நின்றிருந்த மண்டபத்தூர்க்காரர் ஒருவரும் எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் போகப்போவதாக அவள் சொன்னபோது நிலவன் சிரித்தான்.

"அக்கா, நீங்க ஃபேன் இல்ல. கல்யாணத்துக்குப் பந்தி போட்டப்புறம் வர்ற ஆளு."

"அதான் இந்தத் தடவ தாலி கட்டறதுக்கு முன்னாடியே வந்து உக்காரப் போறேன்" என்றாள்.

வேறு நாள் கிடையாது. மற்ற நாட்களில் கடை மூட இரவு எட்டாகும். வெள்ளி முன்னதாகவே கிளம்பிவிடுவாள், ஆனால் அன்று மாலை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம். ஞாயிறு, மாதா கோயில் பங்கு மக்கள் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறார்கள், அவளும் போகிறாள். சனிக்கிழமை மட்டும் கடை மதியம் ஒரு மணியோடு சரி. ஆனால் சனிக்கிழமை மாலையில்தான் அவர்கள் அன்பியத்தின் தவக்காலச் சிலுவை அவள் வீட்டுக்கு வரவேண்டிய முறை. அவள் வசிக்கும் கோவில்பத்தில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்ததுதான் அன்பியம். தவக்காலம் முழுவதும் ஒரு மரச்சிலுவை தினம் ஒரு வீட்டுக்குப் போகும். வீட்டுப் பெண் மெழுகுதிரி ஏற்றிச் சிலுவையை வரவேற்கவேண்டும். ஏழு மணிக்கு எல்லோரும் கூடி ஜெபிப்பார்கள், பிறகு சுண்டல், சுக்குக் காப்பி.

அன்றிரவு சாப்பாட்டின்போது ஆன்லின் விஷயத்தைச் சொன்னாள். அகஸ்டின் மின்துறை அலுவலகத்தில் எழுத்தர், அன்பியத்துக்குச் செயலர். அவர் முன்னால் தட்டும், தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்த செல்பேசியும் இருந்தன. செல்பேசியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

"தவக்காலத்துலயா?" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமாங்க."

"தவக்காலத்துல நம்ம வீட்டுல யாரு சினிமாவுக்குப் போயிருக்கா?"

"கிரிக்கெட்டுக்குத் தவக்காலம் கெடையாதா?"

அது விளையாட்டு, இது கேளிக்கை என்று அவர் விளக்கினார். உடம்புக்கு நல்லது என்றும் சொல்லப் பார்த்தார். கட்டிலில் சாய்ந்து பார்ப்பவருக்கு அது எப்படி உடம்புக்கு நல்லது என்று அவள் கேட்டதும் வழியை மாற்றினார். ஒரு மாதத்தில் இந்தப் படம் செல்பேசிக்கே வந்துவிடும், ஈஸ்டர் கழித்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். வீட்டில் பார்த்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். குக்கர் விசில் அடிக்கும், பால்காரர் கூப்பிடுவார், திரும்பி வந்தால் கப்பல் உடைந்திருக்கும்.

கடைசியில், ஆறு மணிக்குள் வந்துவிடுவேன், சுண்டல் காலையிலேயே வேகவைத்துவிடுவேன், ஜெபத்துக்கு எந்தக் குறையும் வராது என்று அவள் சொன்னாள். அகஸ்டின் சரி என்று சொல்லவில்லை. "பெரியநாயகி டீச்சர் காதுக்கு மட்டும் போயிடக் கூடாது" என்றார். அவரிடம் அதுதான் சம்மதம்.

மறுநாள் இதைக் கேட்ட நிலவன், பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று யோசனை சொன்னான். "கேட்டா அவரு அனுமதி குடுப்பாரு" என்றாள் ஆன்லின். "எனக்கு வேண்டியது அனுமதி இல்லப்பா, டிக்கெட்டு." அவன் தன் செல்பேசியிலேயே அவளுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். ஓர இருக்கை, நடுவரிசை.

சனிக்கிழமை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கடையிலிருந்து வந்து, சாப்பிட்டு, சேலை மாற்றி, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால் வாசலில் சிலுவை நின்றது. அதைத் தூக்கிப் பிடித்தபடி பெரியநாயகி டீச்சர் நின்றார். அன்பியத்தின் தலைவி. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. அந்தத் தெருவில் பாதிப் பேர் அவரிடம் பெருக்கல் வாய்ப்பாடு படித்தவர்கள், எல்லோரும் அவரிடம் உட்கார்ந்தபடி பேச இன்னும் கூசுவார்கள். முதல்நாள் சிலுவை இருந்த வீட்டார் அவசரமாகச் சென்னைக்குக் கிளம்புவதால், மாலைவரை அதை வெறும் வீட்டில் வைக்க மனமில்லாமல் கையோடு கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார். வெயிலில் அவருக்கு வியர்த்துக் கொட்டியிருந்தது.

ஆன்லின் மெழுகுதிரி ஏற்றினாள். தண்ணீர் கொடுத்தாள். டீச்சர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சிலுவை வந்தபிறகு ஒரு ஜெபமாலையாவது சொல்லாமல் விடுவது முறையில்லை என்று பாயை விரிக்கச் சொன்னார். அகஸ்டின் பின்கட்டில் துணி காயப்போடுவதாகப் பேர் பண்ணிக்கொண்டு நின்றார். ஆன்லின் முழந்தாளிட்டாள். டீச்சர் நிதானமாக ஜெபிப்பவர். ஒவ்வொரு மணிக்கும் உரிய நேரம் கொடுப்பவர். 'எங்கேயோ கிளம்பினாயே' என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆன்லின் சொல்லியிருப்பாள்.

அவள் திரையரங்கு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது காட்சி தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. டிக்கெட் கிழிக்கும் ஊழியர் கதவின் திரையை விலக்கி, டார்ச்சை அடித்து, வாங்கம்மா என்றார். உள்ளேயிருந்து உலோகம் நொறுங்கும் சத்தமும், "இன்ஜினு போச்சு" என்ற புது டோபினின் குரலும் வந்தன. ஆன்லின் காதைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

ஊழியர் புரியாமல் பார்த்தார். விளம்பரமெல்லாம் போக இருபது நிமிஷப் படம்தான் போயிருக்கும், போகப்போகப் புரிந்துவிடும் என்றார்.

"போகப்போகப் புரியிறது எனக்குப் பழக்கம்தாங்க" என்றாள் ஆன்லின். "மொதல்லேருந்து பாக்கத்தான் வந்தேன்."

காட்சி தொடங்கிவிட்ட டிக்கெட்டை மாற்றித்தர முடியாது என்று கவுண்டரில் சொன்னார்கள். அவள் மாலைக் காட்சிக்கு இன்னொரு டிக்கெட் வாங்கினாள். மாலைக் காட்சி ஆறு மணிக்கு. முடியும்போது எட்டரையைத் தாண்டிவிடும். அவள் வீட்டில் ஜெபம் ஏழு மணிக்கு. டிக்கெட்டைக் கைப்பையில் வைத்துவிட்டு அகஸ்டினைக் கூப்பிட்டு நேராகச் சொன்னாள்.  அவர் இணைப்பைத் துண்டித்தார்.

ஐந்தரை மணிக்கு அவர் பைக்கில் வந்தார். முகப்புக் கூடத்தில், பாப்கார்ன் எந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற எண்ணமாக இருக்கலாம்.

"எந்திரி. போவோம்."

"படம் முடிஞ்சு வர்றேங்க. சுண்டல் தாளிச்சாச்சு. சுக்குப் பொடி அலமாரியில மேல்தட்டுல இருக்கு."

"ஏழு மணி ஜெபத்துக்குச் சிலுவைக்கு முன்னாடி மெழுகுதிரி யாரு ஏத்துறது? வீட்டுப் பொம்பளதான் ஏத்தணும்."

"நீங்க ஏத்துனா எரியாதா?"

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். செயலர் வீட்டிலேயே இப்படி நடந்தால் மற்றவர்களை என்ன சொல்வது என்றார். அடுத்த சனிக்கிழமை தானே கூட்டிக்கொண்டு நாகப்பட்டினமோ கும்பகோணமோ போவதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை எங்கேயும் இந்தப் படம் இருக்காது என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

"நீ ஒண்ணும் அதுக்குப் பெரிய ரசிகை இல்லையே ஆன்லின். படத்துப் பேருகூட ஒனக்குச் சரியாத் தெரியாது. இதுக்குப் போயி எதுக்கு இவ்வளவு?"

"பெரிய ரசிகையா இருந்தாத்தான் மொதல்லேருந்து பாக்கலாமா? சும்மா புடிச்சவ பாதியிலேருந்து பாத்தாப் போதுமா?"

 வந்தவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றார். உண்மையைச் சொல்லுங்கள் என்றாள். அவர் எழுந்து போனார். பைக் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை.

ஆறு மணிக்கு முன்பே அவள் இருக்கையில் இருந்தாள். அரங்கில் முக்கால்வாசி காலி. புகையிலை எச்சரிக்கையைப் பார்த்தாள். நகைக்கடை விளம்பரத்தைப் பார்த்தாள். தணிக்கைச் சான்றிதழைக் கடைசி வரிவரை படித்தாள். பிறகு திரை கறுத்து, ஒரு பழைய இரும்புக் கிடங்கு தெரிந்தது. வேரா கையில் பையோடு நின்றாள். ஏதோ ஒரு கோளில் அவள் தகப்பன் வேலைபார்த்த சுரங்கம் மூடப்பட்டிருந்தது, ஊரைவிட்டுக் கிளம்ப அவளுக்கு ஒரு கப்பல் வேண்டும். கிடங்குக் காவலாள் டோபின், இதை வாங்காதீங்க, இது நூறு மைல் தாண்டாது என்று தலையில் அடித்துக்கொள்கிறான். அவள் கேட்கவில்லை. வாங்குகிறாள். சரி, அப்ப நானும் வர்றேன், ரிப்பேருக்கு ஆள் வேணும்ல என்று டோபின் ஏறிக்கொள்கிறான்.

சண்டையே இல்லை. கப்பல் வாங்கும்போதே உடைந்துதான் இருந்தது. இத்தனை வருடம் எதிரி சுட்டு உடைத்ததாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம் என்று ஆன்லின் வாய்விட்டுச் சிரித்தாள். முன்வரிசையிலிருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் காட்சியில் சிரிக்க ஒன்றும் இல்லை.

செல்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. அவள் அதை எடுக்கவில்லை. இடைவேளையிலும் எழுந்திருக்கவில்லை, மறுபடி தொடங்குவதை விட்டுவிடக் கூடாது என்று.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் இன்னும் செருப்புகள் கிடந்தன. ஜெபம் முடிந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கூடத்தில் காப்பி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலுவைக்கு முன்னால் மெழுகுதிரி பாதிக்கு மேல் உருகியிருந்தது. பெரியநாயகி டீச்சர் நாற்காலியிலிருந்து அவளைக் கனிவாகப் பார்த்தார்.

"வா ஆன்லின். சனிக்கிழமையும் விடமாட்டேங்கறானா ஒன் மொதலாளி? சரக்கு வந்து எறங்குதுன்னு அகஸ்டின் சொன்னாரு. சிலுவை வந்திருக்கிற நாள்ல கூப்புட்டு வேல வாங்குறவனுக்கு நல்ல புத்தி வரணும்னு இப்பத்தான் ஜெபிச்சோம்."

அகஸ்டின் அடுப்படி நிலைப்படியில் காப்பித் தட்டோடு நின்றார். அவர் கண்கள் அவளிடம் எதைக் கேட்டன என்பதில் சந்தேகமில்லை. 'ஆமாங்க டீச்சர்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கடையின் முதலாளி, அன்று மதியம் ஒரு மணிக்கு முன்பே எல்லோரையும் போகச் சொன்ன மனுஷர்.

ஆன்லின் கைப்பையைக் கீழே வைத்தாள்.

"சரக்கு எதுவும் வரல டீச்சர். நான் படத்துக்குப் போயிருந்தேன்."

கூடத்தில் ஒருவர் காப்பியை உறிஞ்சிய சத்தம் கேட்டது. டீச்சர் முகத்தில் கனிவு போய், வகுப்பில் இருந்த முகம் வந்தது.

"என்ன படம்?"

"விண்வெளிப் படம். ஒரு ஓட்டக் கப்பல வச்சுக்கிட்டு ஊர் ஊராப் போவாங்க."

"தவக்காலத்துல ஒரு படத்தக்கூட ஒன்னால விட்டு ஒறுக்க முடியல."

"டீச்சர், கறி சாப்புடல. பூ வைக்கல. காப்பியும் குடிக்கல, இதோ எல்லார் கையிலயும் இருக்கு, என் கையில இல்ல. கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து எல்லாப் படத்துலயும் மொத அரைமணி அடுப்படிக்குப் போயிருக்கு. அதையும் தவக்கணக்குல சேத்துக்குங்க. மிச்சம் எனக்கு வந்தாலும் வரும்."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் எழுந்தார். இது கோயில் பங்குப் பேரவைக்குப் போகும் என்றார். சொல்லுங்க டீச்சர், படம் வியாழக்கிழமை வரைக்கும் ஓடுதுன்னும் சொல்லுங்க என்றாள் ஆன்லின். டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். மற்றவர்கள் ஒவ்வொருவராக, அவள் முகத்தைப் பார்க்காமல் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்கள்.

"நான் சொன்னதக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் அகஸ்டின், டம்ளர்களைப் பொறுக்கியபடி.

"நான் கேக்காத பொய்ங்க அது" என்றாள் அவள். "அதோட, எங்க மொதலாளிக்கு எதுக்கு நல்ல புத்தி? இருக்கறது போதும் அவருக்கு."

அவர் டம்ளர்களைத் தானே கழுவினார். அவள் தடுக்கவில்லை.

மறுநாள் விடியலுக்கு முன் மாதா கோயில் வாசலிலிருந்து நடைப்பயணம் கிளம்பியது. ஆன்லின் வரமாட்டாள் என்று சிலர் நினைத்திருந்தார்கள். தண்ணீர் பாட்டிலோடு முதல் வரிசையில் நின்றாள். செய்தி அதற்குள் எல்லாத் தெருவுக்கும் போயிருந்தது. டீச்சர் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து ஜெபமாலையைத் தொடங்கினார். ஆன்லின் எல்லோரையும்விடத் தெளிவாக மறுமொழி சொன்னாள். அரசலாற்றுப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து ஒருத்தி, என்ன ஆன்லின், விண்வெளிக்கெல்லாம் போயிட்டு வந்திருக்க, கால் வலிக்கலையா என்றாள். இன்னொருத்தி சிரித்தாள்.

"வலிக்கல" என்றாள் ஆன்லின். "கப்பல எப்படி வாங்குனாங்கன்னு சொல்லவா?"

ஜெபமாலையில் பத்து மணிகள் முடிந்து அடுத்த பத்து தொடங்குமுன் ஒரு பாட்டு பாடுவது வழக்கம். அந்த இடைவெளியில் அவள் இரும்புக் கிடங்குவரை சொன்னாள். அடுத்த இடைவெளியில் டோபின் தலையில் அடித்துக்கொண்டான். அவனைப்போலவே அவள் பேசிக்காட்டியபோது கேட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மூன்றாவது முறை டீச்சர் பாட்டையே விட்டுவிட்டு நேராக அடுத்த பத்துக்குப் போனார். அப்போதும் ஆன்லின் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி மறுமொழி சொன்னாள், முடிந்ததும் அதே வாக்கியத்தைத் தொடர்ந்தாள்.

டீச்சர் ஒலிபெருக்கியை இறக்கித் திரும்பினார்.

"கதை பேசறவங்க கடைசிக்குப் போங்க. இங்க ஜெபம் நடக்குது."

"சரிங்க டீச்சர்."

அவள் வரிசையிலிருந்து விலகி, எல்லோரையும் கடந்துபோக விட்டுச் சாலையோரம் நின்றாள். சில பெண்கள் அவளைக் கண்டுகொள்ளாமல் முன்னே நகர்ந்தார்கள். பதாகையைத் தூக்கிக்கொண்டிருந்த அகஸ்டின் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு நேரே நடந்தார். கடைசி ஆள் தாண்டியபிறகு அவள் பின்னால் சேர்ந்துகொண்டாள். விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். முதலில் இருவர் நடையைக் குறைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர், தண்ணீர் குடிப்பதுபோல நின்று, பின்தங்கினார்கள். நடுவில் வந்துசேர்ந்த ஒருத்தி, கப்பலை யார் உடைத்தது என்று கேட்டாள். மற்றவர்கள் அவளை அதட்டினார்கள். ஆன்லின் மட்டும் அதட்டவில்லை. அவளுக்காக முதலிலிருந்து மறுபடி சொன்னாள்.

வாஞ்சூரில் மாநில எல்லையைத் தாண்டும்போது வெளிச்சம் வந்திருந்தது. எல்லையோர மதுக்கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஊர்வலத்தின் முன்பகுதியில் பதாகையோடு அகஸ்டினும் ஒலிபெருக்கியோடு டீச்சரும் சில பெண்களும் மட்டும் போய்க்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் பின்னால் ஆன்லினைச் சுற்றி வந்தார்கள். அவள் கதையில் கப்பல் இன்னும் கிளம்பவில்லை.